இரண்டு விநாடி

தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றது.
எப்போதும் அங்கேதான் நிற்கும்.
டிரைவ் சீடியைத் துப்பியது,
சுட்ட அப்பளம் மாதிரி சூடாக.
பன்னிரண்டு ரூபாய், என் கணக்கில்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
என் கடை மேசை நடுங்கும்.
சரக்கு ரயிலுக்கு ஐம்பத்திரண்டு பெட்டி,
என் டிரைவுக்கு ஐம்பத்திரண்டு வேகம்.
இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடக் கூடாது என்று
புரிவதற்குள் ஒரு கட்டு சீடி வீணாய்ப் போயிருந்தது.

தனகோட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.
மருந்துக்கடைக் கவரில் சுற்றிய மெமரி கார்டு.
தம்பி மாசிலா பாடியது, பதினோரு கானா.
டேப் அடித்ததும் அவன்தான்.
மூன்றாவது பாட்டில் ஒரு நாயும் உண்டு.
"ஆட்டோவுல போட்டுக் கேக்கணும், சபீனாக்கா."

வேகத்தைப் பதினாறாக்கினேன். பிறகு எட்டு.
வைரஸ் பார்க்கும் வேலையை நிறுத்தினேன்.
திரையில் நீந்தும் மீன்களையும் நிறுத்தினேன்,
அதுகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது.
லென்ஸைப் பஞ்சால் துடைத்தால்
எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலோ என்னவோ, கறுப்பாக வந்தது.
கார்டிலிருந்து நேராக எழுதாமல்
எல்லாவற்றையும் உள்ளே இறக்கி, பெயர்களைச் சுருக்கினேன்:
'அம்மாவுக்கு ஸ்டான்லியில் பாடினது கடைசி கரெக்டானது'
வெறும் ஐந்து ஆனது.

இந்த முறை நூறு வந்தது.
ஓடிப் போய் ஆட்டோவில் போட்டோம்.
மாசிலாவின் ஆட்டோ. இப்போது வேறு ஆள் வாடகைக்கு ஓட்டுகிறார்.
சீடியை வாய்க்குள் வைத்துக்கொண்டே
நோ டிஸ்க் என்றது பிளேயர்.
தப்பு என்னுடையது.
பாட்டாக எழுதாமல் மூட்டையாகக் கட்டிவிட்டேன்.
பழைய பிளேயருக்கு மூட்டை பிரிக்கத் தெரியாது.

மூன்றாவது சீடியைப் போட்டதும்
திரை ஒரு கேள்வி கேட்டது: மூடவா?
மூடினால்தான் எல்லா பிளேயரிலும் ஓடும்.
மூடிவிட்டால் அதற்கப்புறம்
ஒரு இருமலைக்கூடச் சேர்க்க முடியாது.
சொன்னேன்.
அவள் என் கையைப் பார்த்தாள், மௌஸ் மேல் இருந்த கையை.

"மூடாதக்கா."

பன்னிரண்டாவது அவன் தலையில் இருக்கிறதாம்.
புழலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போன அன்று
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ரெண்டு அடி கத்திச் சொன்னான்,
பக்கத்தில் எல்லாரும் அவரவர் வீட்டு ஆளிடம் கத்த,
அதில் பாதி காதில் விழவில்லை.
சந்தேகக் கேஸ்தான்.
வெள்ளிக்கிழமை ஜாமீன் என்கிறார் வக்கீல்.
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.

மூடாத சீடி எழுதின டிரைவில்தான் ஓடும்.
அதனால் தினமும் ஏழு மணிக்கு வருகிறாள்,
தண்டையார்பேட்டை கேன்டீனில் பாத்திரம் முடித்த கையோடு.
விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருக்கும்.
ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைப்பாள்,
இன்னொரு காது வாசலுக்கு.
பிரவுசிங்குக்கு வரும் பையன்கள்
அந்த மூன்றாம் நம்பர் நாற்காலியைக் கேட்பதில்லை.

திறந்தே வைக்க வேண்டுமென்றால்
ஒவ்வொரு பாட்டாகத்தான் எழுத வேண்டும்.
ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குமுன்
லேசர் அணைந்து எரியும்.
இரண்டு விநாடி, ஒன்றுமே இல்லாமல்.
"நடுவுல இன்னாக்கா, நின்னு நின்னு போவுது?"
மூடினால் அதை எடுத்துவிடலாம் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"இருந்துட்டுப் போவட்டும்."

ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு வரும் இரண்டு விநாடியில்
அவள் கண்ணை மூடுவதை நான் பார்த்திருக்கிறேன்.
ஆறாவது குத்துப் பாட்டு. அதற்குள் திறந்துவிடுவாள்.

இன்னும் இருபத்தாறு நிமிடம் காலி என்கிறது சீடி.
ஆறு வெள்ளி போய்விட்டது.
டிரைவ் இப்போது தட்டைத் தானாக நீட்டுவதில்லை.
பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி
ஓட்டையில் குத்தி வெளியே இழுக்கிறேன்.
உள்ளே ஏதோ நறநறக்கிறது.
ரிச்சி தெருவில் எழுநூறு ரூபாய்க்கு
புது டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன்.
மேசைக்குக் கீழே இருக்கிறது,
பெட்டி பிரிக்காமல்.