மொத்தம் இரண்டு, பயனில் இரண்டு

லாபிஸில் மழை பிடித்தால்
முதலில் போவது மின்சாரமில்லை, இணையம்.
செம்பனைக்கு மேலே கோபுர விளக்கு
சிவப்பாய் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.
எனக்குத்தான் ஷா ஆலாம் எட்டவில்லை.

ஷா ஆலாமில், ஏழாவது மாடியில்
இருக்கின்றன எங்கள் உரிமங்கள்.
மிதக்கும் உரிமம் என்று பெயர்.
எட்டு ஆலைகளுக்கு இரண்டு.
யாரும் எடுக்கலாம், முடிந்ததும் விட்டுவிட வேண்டும்,
பெட்ரோல் நிலையக் கழிவறைச் சாவி மாதிரி.

எட்டு மணிக்கு இணையம் வந்தது.
உரிமம் வரவில்லை.
போர்ட் எண்ணைப் பார்த்தேன். ஃபயர்வாலைப் பார்த்தேன்.
கணினியின் கடிகாரம் முந்துகிறதா என்று
கைக்கடிகாரத்தை அதன் முகத்தருகே பிடித்துப் பார்த்தேன்.
எல்லாம் நேர்.
கடைசியில் சர்வரையே கேட்டேன்:
மொத்தம் இரண்டு, பயனில் இரண்டு.
ஒன்று பிந்துலுவில். அங்கே புதுக் கொதிகலன், போகட்டும்.
மற்றது
வெள்ளி மாலை ஐந்து நாற்பத்திரண்டிலிருந்து
க்வா செங் ஹுவாட்.

இன்று ஞாயிறு.

போனில் அவன் குரலுக்குப் பின்னால் பட்டாசு.
ஈப்போவில், தாத்தாவின் கல்லறையில் புல் பிடுங்குகிறானாம்.
"அலமாக்" என்றான், "மூடலையா நான்?"
பிறகு வெகுநேரம் பட்டாசு மட்டும்.

காவலர் தீர்த்த ராய் ஏழு மாடி ஏறினார்.
லிஃப்ட் ஞாயிற்றுக்கிழமை ஓடாது.
மூச்சு வாங்கச் சொன்னார்:
"மேடம், மஞ்சளும் நீலமுமா ஒரு குழாய்
தானாச் சுத்திக்கிட்டிருக்கு.
நல்லாயிருக்கு. அணைக்கணுமா?"
அணைங்க என்றேன்.
"சேமிக்கவான்னு கேக்குது."
ஆமாம்னு அழுத்துங்க.
அழுத்தியபின் அவர் ஒன்றும் பேசவில்லை.
குழாய் போய்விட்டது போலிருக்கிறது.

என் திரையில் இப்போது கதவு வர வேண்டும்.
பழக்குலை அவிக்கும் கலனின் கதவு,
மூன்று பார் நீராவியைத் தாங்குவது,
நாளை பத்து மணிக்கு ஆய்வாளர் தட்டிப் பார்க்கப்போவது.
வந்தது கறுப்புச் சதுரம்.
சுட்டியை அசைத்தால் ஒரு கீல் மட்டும் தெரிந்து மறைந்தது.
முன்பக்கம் இல்லாமல்
பின்பக்கத்துப் போல்ட்டுகள் என்னை வெறித்தன.

கணக்கு சரி, கண்தான் போச்சு.
வியாழக்கிழமை இடியில்
கிராஃபிக்ஸ் அட்டை பாதி செத்திருக்கிறது.
டிரைவரைப் பழையதாக்கினேன், புதியதாக்கினேன்,
ஒருமுறை ஹஃபிசைத் திட்டினேன், அவன் ஊரிலேயே இல்லை.
கடைசியில் அட்டையை ஒதுக்கிவிட்டு
மென்பொருளே வரையட்டும் என்றேன்.

வரைந்தது.
கோலம் போடத் தெரியாதவள் புள்ளி வைப்பதுபோல்,
ஒரு வரி, நின்று, ஒரு வரி.
நான் ஒரு கோப்பி ஓ குடித்து முடித்தேன்.
நீலம், பச்சை,
பூட்டு வளையத்தின் இடது கீழ் மூலையில்
நகக்கண் அளவு சிவப்பு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆலைக்குள் போனேன்.
ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கும் அதே புளித்த எண்ணெய் வாசம்.
வளையத்தில் ஏற்கெனவே ஒரு சாக்குக் கட்டிக் கோடு.
ஆபரேட்டர் சத்தியசீலன் போட்டது,
"இங்கே சத்தம் வேற மாதிரி" என்று
லாக் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார், மூன்று வாரமாக.
என் சிவப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி.

யார் தப்பு?
கீலின் தேய்மானத்தை நான் மாடலில் சேர்க்கவில்லை.
சேர்த்தால் சிவப்பு நகரலாம். நகராமலும் போகலாம்.
திரும்ப ஓட்ட வேண்டும்.

பாக்கெட்டில் போன் துடித்தது. கோத்தா திங்கி ஆலை.
"அக்கா, மொத்தம் ரெண்டு, பயன்ல ரெண்டுங்குது.
ஒண்ணு உங்க பேர்ல நிக்குது.
வேலை செய்றீங்களா, திறந்து போட்டுட்டுப் போய்ட்டீங்களா?"

இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தேன்.
நேற்றிரவின் சூடு இன்னும் இருந்தது.
"வேலைதான்" என்றேன்.