வலது சொடுக்கு

க்ளாக்ஸ்விக் துறைமுகம்.
சால்மன் மீன் அறுக்கும் ஆலையின் மேல்மாடி.
கணக்கு எழுத வந்தவள் நான்.
சர்வரைப் பார்த்துக்கொண்ட ஹோக்னி
டென்மார்க்கில் வேலை கிடைத்துப் போனபோது
பதினேழு சாவிகள் கோத்த வளையம்,
கடவுச்சொல் எழுதிய மஞ்சள் காகிதம்,
"ஒன்றும் ஆகாது" என்றொரு வாக்கு,
மூன்றையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஏழு வாரம் ஒன்றும் ஆகவில்லை.

எட்டாம் வாரம், ஞாயிறு இரவு,
வட்டு நிரம்பிவிட்டது எனச் சிவப்பாக ஒரு வரி.
இருப்பது ஒரே இரும்புப் பெட்டி.
அதற்குள் ஒன்பது கணினிகள்
தனித்தனியே இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடுகின்றன.
எடை போடுவது ஒன்று, சம்பளம் போடுவது ஒன்று,
ஆட்களை வேலைக்கு அழைப்பது ஒன்று.
எதற்கும் உடம்பில்லை.
ஆனாலும் மூச்சு முட்டுகிறதாம்.

மூச்சு முட்டியதன் பெயர்மேல் வலது சொடுக்கு.
மெனு இறங்கியது மீனின் முதுகெலும்பு போல,
தொட்ட இடமெல்லாம் பக்கவாட்டில் ஒரு முள் நீண்டது.
சில வரிகள் சாம்பல் நிறம், அழுத்தினாலும் அசையாதவை.
அவற்றை எனக்குப் பிடித்திருந்தது.
கறுப்பு வரிகள்தாம் காத்திருந்தன:
இடம்பெயர்த்து. நகலெடு. உறையவை. ஒன்றாக்கு.
ஒன்றாக்கு என்றால் எதை, எதோடு?
கணக்கு எழுதிய கைக்குத் தெரிந்தது
கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று.

கீழே ஸ்னாப்ஷாட் என்றிருந்தது.
புகைப்படம் என்று நினைத்தேன்.
ஹோக்னி மார்ச் மாதம் எடுத்தது.
பழைய படத்தைத் திறந்து பார்த்தால்
யாருக்கு என்ன நஷ்டம்?

'இதற்குத் திரும்பு.'
தற்போதைய நிலை அழிந்துபோகும், சம்மதமா என்று கேட்டது.
தற்போதைய நிலை என்ன பெரிய நிலை,
நிரம்பி வழிகிற வட்டு.
அழியட்டும் என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

பச்சை.
அந்தத் திரையில் அவ்வளவு பச்சையை நான் பார்த்ததில்லை.
வீட்டுக்குப் போய்
உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்று தூங்கினேன்.

நான் தூங்கிய நேரத்தில்
அந்த உடம்பில்லாதது
மார்ச் மாத மனசோடு எழுந்து
பதிவேட்டைப் புரட்டி, தன் கடமையைச் செய்திருக்கிறது.
"நாளை காலை ஆறு மணி. நான்காம் வரிசை.
பூட்ஸ் கொண்டுவரவும்."
ஆலையில் இருப்பவர்களோடு
ஏப்ரலில் நாங்கள் நிறுத்திய பன்னிரண்டு பேருக்கும்.

அந்தப் பன்னிரண்டு கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான்.
பதிவேட்டிலிருந்து பெயர்களை நீக்கியதும் நான்.
ஒரு பெயருக்கு இரண்டு சொடுக்கு.
அந்த மெனு மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

காலை ஐந்தே முக்கால்.
மழை மேலிருந்து விழவில்லை, கடலிலிருந்து குறுக்கே வந்தது.
ஜன்னலுக்குக் கீழே பதினொரு பேர்,
பதினொரு ஜோடி பூட்ஸ், கக்கத்தில் சாப்பாட்டு டப்பா.
பன்னிரண்டாமவன் பதில் அனுப்பியிருந்தான்:
"ஐஸ்லாந்தில் இருக்கிறேன். வியாழக்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?"

துரோண்டுர் மாடி ஏறி வந்து கத்தினார். முதலாளி, கத்தலாம்.
ஹோக்னியை எழுப்பினேன்.
எதைச் சொடுக்கினாய் என்றான், சொன்னேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம்
கோபன்ஹேகனின் ஏதோ ஒரு ரயில் மட்டும் பேசியது.
மெனுவை மறுபடி இறக்கினேன்,
மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தேன்.
'செய்ததைச் செய்யாததாக்கு' என்று
சாம்பல் நிறத்தில்கூட இல்லை.

படியிறங்கிக் கதவைத் திறந்தேன்.
தவறு என்ற சொல்லை நாக்கின் நுனியில் வைத்திருந்தேன்.
அதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்,
நனைந்த கம்பளி வாசனையோடு,
கால் தானாகத் தெரிந்த திசையில்.

உடைமாற்றும் அறையிலிருந்து
மார்யுன் மட்டும் திரும்பி வந்தாள்.
"என் கொக்கியில் வேறு யாருடைய ஏப்ரனோ தொங்குகிறது.
நான் எதில் மாட்டட்டும்?"

என் கையில் பதினேழு சாவிகள் இருந்தன.