லேபிள்

பதினோரு வருடமாக
ஊட்டியிலிருந்து கோத்தகிரி திரும்பும் பஸ்ஸில்
தொட்டபெட்டா பிரிவு தாண்டியதும்
கட்டைவிரல் நகம் தானாக வேலையைத் தொடங்கும்.
மாத்திரைப் புட்டியில் ஒட்டிய காகிதத்தை
எச்சில் தொட்டுச் சுரண்டி, உருட்டி,
கட்டபெட்டு வருவதற்குள்
ஜன்னல் வழியே தேயிலைக்குள் எறிந்துவிடுவேன்.
அந்தச் சரிவில் எத்தனை செடி
என் மருந்தின் பெயரைத் தின்றிருக்குமோ.

இந்த முறை ஜெசிந்தா மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்:
"லேபிளில் கை வைக்காதீங்க.
வெளிநாடு போகிற மருந்துக்கும்
பெயர் வேணும், உங்க பாஸ்போர்ட் மாதிரி."

வெளிநாடு!
அட்டனுக்கு மேலே நான் பிறந்த லயத்துக்கு
முப்பது நாள் விசா வாங்கியிருக்கிறேன்.
அக்கா தவமணியின் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம்.
வர்க்கி கேட்டாள், நீலகிரித் தைலம் கேட்டாள்.
வேறென்ன கொண்டுவருவேன் என்று
அவளுக்குத் தெரியாது.

பதினெட்டு நாள் பயணத்துக்கு இரண்டு புட்டி.
"மழை, மண்சரிவு, விமானம் ரத்து,
எது நடக்கும்னு யார் கண்டது?
ரெண்டும் கைப்பையில்தான்.
பெட்டி தொலைஞ்சா சேலைதான் போகும்."
டாக்டர் கடிதம், அதற்கொரு நகல்.
'தொடர் சிகிச்சையில் உள்ளவர்' என்று மட்டும் இருந்தது.
காகிதத்துக்கும் நாசூக்கு உண்டு.

தண்ணீர் கொதிக்கவைத்துதான் குடிக்க வேண்டுமாம்.
கல்யாண வீட்டில் யார் எனக்கு அடுப்பு வைப்பார்கள்?
"அப்போ டீ குடிங்க" என்றார்.
நாள் முழுக்கத் தேயிலை சலிக்கிறவள்
இலங்கைக்குப் போய் டீ குடிக்க
ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

மணி மட்டும் தொல்லையில்லை.
வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் லூர்துசாமி
மஸ்கட்டுக்கு மகனிடம் போனபோது
ஒன்றரை மணி நேரத்தை
விரல்விட்டுக் கூட்டிக் கழித்தாராம்.
எனக்கு இங்கே ஒன்பது என்றால் அங்கேயும் ஒன்பது.
இரண்டு மலைக்கும் ஒரே கடிகாரம்.

ஆனால் என் போனில்
இரவு ஒன்பதுக்குச் சேவல் கூவும்.
"இதென்னடி, அகாலத்தில் சேவல்?" என்பாள் தவமணி.
தைராய்டு என்று சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால்.
ரத்தக்கொதிப்பு என்றும்.
பிறகு உள்ளதையே சொல்லிப் பார்த்தேன்.
கண்ணாடி உடையவில்லை.
எப்படி வந்தது என்றுதான் முதலில் கேட்பாள்.
அதை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.
எப்படி இருக்கிறாய் என்று கேட்டால்
நிறையச் சொல்லலாம்.

விடிகாலை மேட்டுப்பாளையம் பஸ்.
அரவேணு தாண்டி முதல் வளைவிலேயே
கலகலவென்றது கைப்பை.
சத்தம் வராமலிருக்க எப்போதும் பஞ்சு அடைப்பேன்.
நேற்று எண்ணிப் பார்க்க எடுத்தது
மேசையிலேயே கிடக்கிறது போல.
அடுத்த வளைவில் மறுபடி கலகல.
இரண்டு புட்டியும் ஒன்றோடொன்று
ஏதோ கதை பேசுகின்றன.

மடியில் பலாப்பழத்தோடு பக்கத்தில் இருந்தவள்
திரும்பிப் பார்த்தாள்.
"என்ன அக்கா, தாயக்கட்டையா?"
"மாத்திரை."
வாய் முந்திவிட்டது.
"எனக்கும்தான். சர்க்கரை. மூணு வேளை."
தன் சுருக்குப்பையைக் குலுக்கிக் காட்டினாள்.
"உங்களுக்கு?"

குஞ்சப்பனை வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பியது.
இருவரும் ஒரே பக்கம் சரிந்தோம்.
உருண்ட பலாவை நான்தான் பிடித்தேன்;
உள்ளங்கை முழுக்க முள் பதிந்துவிட்டது.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.
இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து
நகத்தால் கீறி நீட்டினாள்.
"மோந்துக்கங்க. இன்னும் வளைவு இருக்கு."