பதினெட்டு சதவீதச் சாம்பல்

கல்யாணங்களைப் படமெடுத்து அலுத்துப்போன ஒருவனிடம்
வாங்கிய கேமரா.
ஷட்டர் அறுபத்தோராயிரம் முறை திறந்து மூடியிருக்கிறது என்றான்,
வண்டி ஓடிய கிலோமீட்டரைச் சொல்வதுபோல.
எத்தனை முத்தம், எத்தனை கேக் என்று நான் கேட்கவில்லை.
பத்தாயிரம் பேசோ குறைக்கச் சொன்னேன்.

கையேடு போர்த்துகீசிய மொழியில்.
எங்கள் ஸ்பானிஷுக்கு அது பங்காளி வீடு:
பாதி புரியும்,
மீதிப் பாதி புரிந்ததுபோல் இருக்கும்.

நண்டு ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து
எட்டரைக்கு வெளியே வந்தால்
புன்தா அரேனாஸில் இன்னும் விடிந்திருக்காது.
ஜூலைச் சூரியன் அரசு அலுவலர் மாதிரி,
பத்து மணிக்கு வந்து
ஐந்தரைக்கெல்லாம் பையைத் தூக்கிவிடும்.
அந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும்.

எண் சிறுத்தால் துளை பெருக்கும்.
எண் பெருத்தால் துளை சிறுக்கும்.
இந்தக் கணக்கைப் போட்டவன்
முன்பு வட்டிக்கடை வைத்திருப்பான்.

பிறகு பனி.
தெருவெல்லாம் வெள்ளை; எடுத்தேன்.
திரையில் வந்ததோ
பாத்திரம் கழுவிய தண்ணீர்.
நாற்பத்திரண்டாம் பக்கம் விளக்கியது:
உலகத்தை மொத்தமாய்க் கலக்கிப் பார்த்தால்
பதினெட்டு சதவீதச் சாம்பல்
என்று இந்தக் கருவி நம்புகிறது.
பனியைக் காட்டு, நிலக்கரியைக் காட்டு,
இரண்டையும் அதே சாம்பலுக்கு இழுக்கும்.

எங்கள் மேற்பார்வையாளர் நோல்பெர்த்தோவும் அப்படித்தான்.
யார் எத்தனை நண்டு உடைத்தாலும்
தாளில் எழுதுவது 'சராசரி'.

பனி வெள்ளையாக வர வேண்டுமானால்
சக்கரத்தைத் திருப்பி ஒரு படி கூட்டி
நீதான் அடித்துச் சொல்ல வேண்டும்:
இல்லை,
இது நிஜமாகவே இவ்வளவு வெள்ளை.

ஆட்களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை.
யாஸ்னா மட்டும் ஒப்புக்கொண்டாள்,
அதுவும் கால் மணி நேரம்,
போர்வெனீருக்குக் கப்பல் கிளம்பும்வரை.
கடல் சுவரோரம் நின்றாள்,
சிவப்புத் தொப்பி, ஒரு கையில் மட்டும் கையுறை,
பள்ளி அடையாள அட்டைக்கு நிற்கிறவள் மாதிரி விறைத்து.
சிரி என்றேன்.
எதற்கு என்றாள்.

மூன்று நாள் விடுப்பிலிருந்த காற்று
அன்றைக்கென்று வேலைக்குத் திரும்பியது.

பொத்தானை அழுத்தினேன்.
உள்ளே கண்ணாடி மேலெழும்பி, இருட்டு.
எந்தப் பக்கத்திலும் இதை நான் படிக்கவில்லை:
எந்தக் கணம் படமாகிறதோ
அந்தக் கணத்தை மட்டும்
எடுக்கிறவள் பார்ப்பதில்லை.
அதற்கு முன்னால் பார்த்தேன், தொப்பி தலையில்.
பின்னால் பார்த்தேன், தொப்பி தண்ணீரில்.
நடுவில் இருநூற்றில் ஒரு நொடி,
அது கருவியோடு போயிற்று.

படத்தில் யாஸ்னாவின் முகம்
நனைந்த சோப்பு.
பின்னாலிருந்த கம்பி வேலியோ
ஒவ்வொரு துருவும் எண்ணும்படி.
ஃபோகஸ் அவளை விட்டுவிட்டு
வேலியைக் கட்டிக்கொண்டிருக்கிறது.
அழித்துவிடுகிறேன் என்றேன்.

இரு, என்று கேமராவைப் பிடுங்கினாள்.
தன் முகத்தைப் பார்க்கவே இல்லை.
பெரிதாக்கும் பொத்தானை நான்கு முறை அழுத்தினாள்.
மூன்றாவது தூண், மேல் கம்பி,
யாரோ கண்டெடுத்துச் செருகி வைத்த
நீலக் கையுறை.
இடது கை.
வியாழக்கிழமை தொலைத்தது.

தொப்பியை மறந்து ஓடினாள்.

இப்போதுதான் எடுக்க வேண்டும் என்று தூக்கினேன்.
குளிரில் பேட்டரி செத்திருந்தது.
கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்;
சூடேறினால் ஏழெட்டுப் படம் தரும்,
நண்டு வாடையும் ஏறும்.

வேலியோரம் நின்று
கையுறை மாட்டிய இடக்கையை ஆட்டி
ஏதோ கத்தினாள்,
காற்று முதல் எழுத்தைக்கூடக் கொடுக்கவில்லை.
வெறுங்கண்ணால்,
நடுவில் ஒருமுறையும் இருட்டாமல்,
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் போய்விட்டது என்று
யார் அவளிடம் சொல்வது.