அரை அட்டை

பதினோரு வருஷமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறேன்.
தையற்காரன் இல்லை.
நீலசந்திராவில், கோழிக்கடையை ஒட்டிய சந்தில்
மாத்திரை அட்டை வெட்டுகிறேன்.
மூன்று நாளைக்கு என்பவருக்கு மூன்று நாளைக்கு.
இன்றைக்கு ஒன்று போதும், சம்பளம் வரட்டும் என்பவருக்கு
ஒன்று.

மருந்தாளுநர் நாகரத்னா
சட்டத்துக்குள் இருக்கிறார்:
பிள்ளையாருக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட லைசென்ஸில்,
ஊதுபத்திப் புகை படிந்து.
மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போடுவார்,
டீ குடிப்பார், போவார்.
மற்ற நாளெல்லாம்
எஸ்எஸ்எல்சி அறிவியலில் முப்பத்தெட்டு வாங்கிய நான்
சட்டத்துக்கு வெளியே.

வருகிறவர்கள் நோயைச் சொல்வதில்லை.
நிறத்தைச் சொல்கிறார்கள்.
நடுவில் கோடு போட்ட மஞ்சள்.
போன தடவை கொடுத்தியே, அந்த ரோஸ்.
கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் பெண்
போனை நீட்டுகிறாள்:
சேலத்தில் அவள் அக்கா சாப்பிட்டுச் சரியான மாத்திரை,
கொஞ்சம் மங்கலாக.
ஜ்வரக்கே ஏனாதரூ கொடி, என்கிறான் பேப்பர் போடும் பையன்.
கொடுக்கிறேன்.
சீட்டு கேட்டால் எதிர்க்கடைக்குப் போவார்கள்.
மருந்துக்குக்கூட ஒரு மருந்துச்சீட்டு
வராத நாட்கள் உண்டு.

குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.
டாக்டருக்கு ஐந்நூறு, போக வர நூற்றைம்பது,
அரைநாள் சம்பளம்,
இத்தனையும் போட்டால்
டென்ஷன் ஆகாதீங்க என்று ஒரு வரி.
என்னிடம் பன்னிரண்டு ரூபாய்.
சில்லறை இல்லாவிட்டால் இருமல் மிட்டாய்.
எனக்கே நெஞ்செரிச்சல்.
ஷட்டர் இறக்கும்போது
தேதி தாண்டிய டப்பாவில் கைவிட்டு
ஒன்றை முழுங்கிக்கொள்கிறேன், தண்ணீர்கூட இல்லாமல்.

சவரியப்பன் ஆட்டோவை அணைக்காமலே கை நீட்டுவார்.
முதுகுவலி.
முதலில் வாரம் இரண்டு.
மேம்பால வேலை தொடங்கி ரோடு குழியான பிறகு
நாளுக்கு இரண்டு,
மழைக்காலத்தில் மூன்று.
விருந்தும் மருந்தும் மூணு நாள் அண்ணே,
என்று ஒருதரம் சொன்னேன்.
மூணு நாள் வண்டி ஓடலைன்னா
விருந்தே இல்லடா, என்றார்.
சிரித்தோம்.
வெட்டினேன்.

இரண்டு வாரமாக அந்தக் கை வரவில்லை.

நேற்று தூறலில் லூர்துமேரி வந்தாள்.
பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள் கண்ணாடிமேல்.
காக்கிச் சட்டையில், சீட்டுக்கு அடியில்,
மாதா படத்துக்குப் பின்னால்
தேடி எடுத்த காலி அட்டைகள்.
கிட்னியாம். என்ன சாப்பிட்டார், எத்தனை நாளா,
டாக்டர் கேக்குறார்.
பேரை மட்டும் சொல்லுண்ணா.

ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
ஒன்றில் பேரின் வால்.
ஒன்றில் எங்கோ மலைப்பக்கத்து ஃபேக்டரி விலாசம்.
ஒன்றில் சிவப்புக் கோடு, அதற்குப் பக்கத்தில்
பாதியில் நிற்கும் எச்சரிக்கை.
பேரும் தேதியும்
கடையில் தங்கிய பாதியில் இருந்தன.
அந்தப் பாதிகள் இப்போது எந்த வீட்டு அலமாரியிலோ.
எது மலிவாக வந்ததோ
அந்த வாரம் அதைக் கொடுத்திருக்கிறேன்,
ஒரே வலிக்கு.

பழைய பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
மூன்று பெயர்.
நான்காவதில் பேனா நின்றது.
கடையிலிருந்து டாக்டருக்குப் போகும் சீட்டு,
என் கையெழுத்தில், முதன்முதலாக.
இது உறுதியா அண்ணா, என்றாள்.
மூன்றாவதற்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.
போகத் திரும்பியவள் நின்றாள்.
ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரித் தரையில படுத்தது,
தலை பிளக்குது.
ஏதாவது ரெண்டு கொடு.

பின்னால் ஒருவன் பத்து ரூபாய்க் காசைக்
கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தான்.
கத்தரிக்கோலைத் தேடினேன்.
கையில்தான் இருந்தது.