சிரிக்க வேண்டிய இடம்

குடவாசல். ஐஸ்பெட்டி வாடகைக் கடை ஷட்டரைப்
பாதி இறக்கிவிட்டுப் பார்க்கிறோம்.
இங்கிலாந்துப் பிணமொன்று எழுந்து உட்கார்ந்து
டீயில் சர்க்கரை பத்தலை என்கிறது.

ரியாஸ் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.
எனக்குச் சிரிப்பு வருமுன் உள்ளங்கை வேர்த்துவிட்டது.
மருந்துக்கடை பவுலின்
'சீ, இதையெல்லாமா' என்றபடியே
நாற்காலியை முன்னுக்கு இழுக்கிறாள்.

கடேசன் மட்டும் அசையவில்லை.
பன்னிரண்டு வருஷம் பெட்டி ஏற்றி இறக்கியவன்.
கத்திக்கும் ரத்தத்துக்கும் கொட்டாவி.
செத்தவள் விரலிலிருந்து மோதிரம் கழற்ற
மருமகள்கள் சோப்புத் தண்ணீர் கொண்டுவரும் காட்சியில்தான்
பெஞ்சு ஆட ஆடச் சிரித்தான்.
'அப்படியே நம்ம எரவாஞ்சேரி கேஸு.'
அந்தச் சிரிப்புக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

கடைசிப் பாகம்.
கதையில் நடுராத்திரி, ஒரு போன் அடிக்கிறது.
அவ்வளவுதான்.
கடேசன் எழுந்து சட்டையைத் தேடுகிறான்,
வேன் சாவியைத் தேடுகிறான்.

'அண்ணே, அது டிவியில.'

உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.
பவுலின் சத்தத்தைக் குறைத்தாள்.
சோழசூடாமணி ஆற்றுத் தண்ணீர்
மதகில் இரைவது கேட்டது.

அப்போது, ரிப்பேர் பார்த்துச்
சும்மா ஓடவிட்டிருந்த காலிப்பெட்டி
ஒரு தரம் உதறி, செருமி, நின்றது.

யார் முதலில் சிரித்தது என்பதில்
இன்னும் தகராறு.