வெறுந்தையல்

கொலம்பியா ஆற்றங்கரையில்
தகரக் கூரை போட்ட அறை.
மயக்கத் தொட்டியில் கிராம்பு எண்ணெய் வாசம்.
ஏப்ரல் முழுக்க
பல்வலிக்காரன் வீட்டுக்குள் இருப்பது மாதிரி.

ஆர்லோ எடை போட்டுச் சொல்வான்:
பதினொன்று புள்ளி நான்கு கிராம்.
எழுதிக்கொள்வது மாவிஸ்.
நான் வெட்டுகிறவள்.

சால்மன் குஞ்சு.
என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
நுரைப்பஞ்சுப் பள்ளத்தில் மல்லாத்தி
வாய்க்குள் மெல்லிய குழாயில் தண்ணீர் விட்டபடி
வயிற்றுக் கோட்டை ஒட்டி ஒரு கீறல்,
நகம் பட்ட தடம் அளவு.
உள்ளே கருவி.
வேகாத அரிசியைவிடச் சற்றுத் தடிமன்.
மூன்று நொடிக்கு ஒருமுறை
நமக்குக் கேட்காத குரலில்
தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.
இரண்டு தையல்.
தொண்ணூறு நொடி.
அடுத்தது.

கருவியின் கனம்
உடல் எடையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது,
அது விதி.
என் எடைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
மூன்றரை கிலோ.
ஒரு தர்பூசணியை வயிற்றில் வைத்துத் தைத்துவிட்டு
எப்போதும்போல் நட, நாங்கள் பார்க்கிறோம்
என்று சொல்வது.

விழித்த குஞ்சு மேலே வருகிறது.
கனத்தை ஈடுகட்டக் காற்றை விழுங்குகிறது.
மறுபடி வருகிறது.
மறுபடி.
இங்கே மேலே இருப்பது தகரக் கூரை.
ஆற்றில் மேலே இருப்பவை
மீன்கொத்தும் ஆலாக்கள்.
மடியில் கனம்,
வழியில் நானூறு மைல்.

மூன்று தொட்டிகள் வைத்திருக்கிறோம்.
முதலாவதில் கருவி வைத்தவை.
மூன்றாவதில் கத்தி படாதவை.
நடுத்தொட்டியைப் பற்றித்தான்
வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.
அதில் இருப்பவை
திறக்கப்பட்டு
ஒன்றும் வைக்கப்படாமல்
தைக்கப்பட்டவை.
எது கனத்தின் குற்றம்
எது கத்தியின் குற்றம்
என்று பிரித்தறிய.

இருபத்து மூன்று வயதில்
ஸ்போகேன் ஆஸ்பத்திரியில்
என்னையும் திறந்து பார்த்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார்கள்,
நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு.
அந்த ஒன்றுமில்லாததைச் சுற்றிப் பதினான்கு தையல்.
மழை வருமுன் இழுக்கும்.

பத்தொன்பதாம் நாள்
முதல் தொட்டியின் தரையில் ஒரு கருவி கிடந்தது.
வயிற்றுச் சுவரைத் தள்ளித் தள்ளி
மெல்லத் துப்பியிருக்கிறது ஒரு குஞ்சு.
எது என்று தெரியவில்லை.
எல்லாம் நன்றாகவே நீந்தின.
கருவி மட்டும்
தரையில் கிடந்து
நான் இங்கே, நான் இங்கே என்றது.

"இதுவே ஆறாக இருந்தால்
செத்துப்போனது என்று எழுதியிருப்போம்"
என்றாள் மாவிஸ்.
ஆர்லோ சிரித்தான்:
"போன வருஷம் ஒன்று
அணைக்குக் கீழிருந்து
நீரோட்டத்தை எதிர்த்து இரண்டு மைல் போனது.
எவ்வளவு துடியான குஞ்சு என்று
கைதட்டினோம்.
குஞ்சு இல்லை,
அதை விழுங்கிய கெண்டைவாயன்."
அன்றைக்கு
அதற்கு மேல் பேச்சில்லை.

முப்பதாம் நாள் கணக்கு முடிக்க வேண்டும்.
எல்லாத் தொட்டியையும் திறந்து பார்ப்பது வழக்கம்.
மயக்கம் இந்த முறை கூடுதலாக,
விழிக்காத அளவுக்கு.

நடுத்தொட்டி, ஏழாவது குஞ்சு.
வெளியே தழும்பு மயிரிழை மாதிரி,
தெரிந்தவள் பார்த்தால்தான் தெரியும்.
உள்ளே
குடலின் ஒரு மடிப்பு
காயத்தின் பின்பக்கத்தைப் போய்ப்
பிடித்துக்கொண்டிருந்தது.
ஒட்டியிருந்தது என்றுதான் எழுத வேண்டும்.
கத்தி நுனியால் பிரிக்கப் பார்த்தேன்,
விடவில்லை.

"உள்ளே என்ன?" என்றாள் மாவிஸ்,
பென்சிலைத் தூக்கியபடி.

ஒன்றுமில்லை, என்றேன்.

"ஒன்றுமில்லைக்குக் கட்டம் இருக்கிறது"
என்று குறித்துக்கொண்டாள்.

கையுறையைக் கழற்றாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
வெளியே தகரத்தில்
முதல் தூறல்.